ஜூனோ-1: பதினைந்து சாக்பீஸில் ஒரு ராக்கெட்

பத்தாம் வகுப்பு அறிவியலில் இயக்க விதிகள் பாடத்தோடு ராக்கெட் வருகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியைச் சொல்லி, உந்த அழிவின்மையைச் சொல்லி, ஒரு பலூனை ஊதி விட்டால் வகுப்பு ஆரவாரம் செய்யும். ஒரு பாடவேளையில் முடிந்துவிடும். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் முடித்துக்கொண்டிருந்தேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அந்தப் பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், ராக்கெட்டுக்கு ஸ்டியரிங் எங்க இருக்கும்?" வகுப்பு சிரித்தது. அவளுடைய அப்பா சரக்கு வண்டி ஓட்டுபவர். வண்டி என்றால் அதைத் திருப்ப ஏதாவது இருக்க வேண்டும் என்று யோசித்திருக்கிறாள். எனக்குப் பதில் தெரியாது. "அதெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கும், உட்காரு" என்றேன். உட்கார்ந்துவிட்டாள். அந்த ஆண்டு முழுவதும் அவள் வேறு எந்தக் கேள்வியும் கேட்கவில்லை என்பதை ஆண்டு முடிந்த பிறகுதான் கவனித்தேன்.

மறு ஆண்டு தேசிய அறிவியல் நாள் கண்காட்சிக்கு ஒரு ராக்கெட் மாதிரி செய்யலாம் என்று பிள்ளைகள் கேட்டார்கள். இன்றைய பெரிய ராக்கெட்டுகளை அட்டையில் செய்தால் பார்க்க நன்றாக இருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் ஒன்றும் சொல்ல முடியாது. எல்லாப் பகுதியையும் பிள்ளைகளுக்கு விளக்கிவிடக்கூடிய எளிய ராக்கெட் ஏதாவது இருக்கிறதா என்று தேடியபோது கிடைத்ததுதான் ஜூனோ-1. அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்புளோரர்-1-ஐ 1958-இல் சுற்றுப்பாதையில் வைத்த ராக்கெட் அது. ஒருமுறை பறந்தால் அதோடு சரி. பகுதிகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்துவிடும். அந்த ஒரே ராக்கெட்டை வைத்து நான் இப்போது மூன்று பாடவேளைகள் நடத்துகிறேன். அதில் எனக்குப் பயன்பட்டவற்றையும் இடறிய இடங்களையும் எழுதுகிறேன்.

உயரம் போதாது

முதலில் ஒரு தவறான எண்ணத்தை எடுக்க வேண்டியிருக்கிறது. ராக்கெட் மிக உயரமாகப் போய்விட்டால், அங்கே ஈர்ப்பு இல்லை, அதனால் செயற்கைக்கோள் விழாமல் நிற்கிறது என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் நினைக்கிறார்கள். சில ஆசிரியர்களும் அப்படி நினைப்பதைப் பயிற்சி வகுப்புகளில் கேட்டிருக்கிறேன். ஜூனோ-1-இன் கதையிலேயே இதற்கு அருமையான பதில் இருக்கிறது.

1956 செப்டம்பர் 20 அன்று, அமெரிக்க ராணுவத்தின் ஹன்ட்ஸ்வில் குழு ஜூபிடர் சி என்ற ராக்கெட்டை ஏவியது. அது 1,097 கிலோமீட்டர் உயரம் வரை சென்று, 5,300 கிலோமீட்டருக்கு அப்பால் அட்லாண்டிக் கடலில் விழுந்தது. பதினாறு மாதம் கழித்து எக்ஸ்புளோரர்-1 சுற்றத் தொடங்கியபோது, அதன் பாதையில் பூமிக்கு மிக அருகில் இருந்த இடத்தின் உயரம் 358 கிலோமீட்டர்தான். மிகத் தொலைவான இடம் 2,550 கிலோமீட்டர். கரும்பலகையில் 1,097, 358 என்ற இரண்டு எண்களை மட்டும் எழுதி, "எது விழுந்தது, எது விழவில்லை?" என்று கேட்பேன். எல்லோரும் 358 விழுந்திருக்கும் என்பார்கள். விடையைச் சொன்னதும் ஒரு சலசலப்பு வரும். அந்தச் சலசலப்புக்குப் பிறகு பக்கவாட்டு வேகம் பற்றிப் பேசினால் பிள்ளைகள் கேட்கிறார்கள். எக்ஸ்புளோரர்-1 தாழ்ந்த இடத்தைக் கடக்கும்போது அதன் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 8.2 கிலோமீட்டர். அதுவும் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அது விழும் அளவுக்குப் பூமியும் வளைந்து விலகிக்கொண்டே இருந்தது.

அந்த 1956 ராக்கெட் ஏன் அந்த வேகத்தை எட்டவில்லை? அதன் கடைசி நிலையில் எரிபொருள் இல்லை. மணல் நிரப்பியிருந்தார்கள்.

இந்த இடத்தில் வரலாறு கொஞ்சம் சொல்ல வேண்டும். முதல் அமெரிக்கச் செயற்கைக்கோளை ஏவும் பொறுப்பு 1955-இல் கடற்படையின் வான்கார்ட் திட்டத்துக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. ராணுவக் குழுவின் திட்டம் நிராகரிக்கப்பட்டது. ஜூபிடர் சி வேறு வேலைக்கானது. ஏவுகணையின் முனை வளிமண்டலத்துக்குள் திரும்பும்போது வெப்பத்தைத் தாங்குகிறதா என்று பார்ப்பதற்கு. கடைசி நிலையில் எரிபொருள் இருந்தால் இவர்கள் 'தவறுதலாக' ஒரு செயற்கைக்கோளை ஏவிவிடுவார்களோ என்று மேலிடத்துக்குச் சந்தேகம். அதனால் மணல்தான் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளும்படி உத்தரவு வந்தது. மறு ஆண்டு 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் நாட்டின் ஸ்புட்னிக்-1 பறந்தது. நவம்பர் 3 அன்று லைக்கா என்ற நாயோடு ஸ்புட்னிக்-2. அதன்பின் நவம்பர் 8 அன்று ராணுவக் குழுவுக்கும் அனுமதி கிடைத்தது. டிசம்பர் 6 அன்று வான்கார்ட் ஏவுதளத்திலிருந்து ஒரு மீட்டரைச் சற்றே தாண்டி எழும்பி, இரண்டு வினாடியில் அப்படியே கீழே உட்கார்ந்து வெடித்தது. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள அதன் செயற்கைக்கோள் தூரமாகத் தெறித்து விழுந்து, தரையில் கிடந்தபடியே சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அப்போது, அதே வான்கார்ட் திட்டம் 1958 மார்ச் 17 அன்று ஏவிய செயற்கைக்கோள் இன்றும் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, இப்போது மேலே இருக்கும் மனிதப் படைப்புகளில் அதுதான் மிகப் பழையது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன்.

அனுமதி கிடைத்த 84-ஆம் நாள், 1958 ஜனவரி 31 இரவு 10 மணி 48 நிமிடத்துக்கு, கேப் கனாவெரலில் இருந்து ஜூனோ-1 புறப்பட்டது. அதற்கு முந்தைய இரண்டு நாள்கள் மேல்வானில் காற்று பலமாக இருந்ததால் தள்ளிவைத்திருந்தார்கள். 84 நாளில் ஒரு ராக்கெட் செய்தார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். ஏற்கெனவே இருந்தவற்றை 84 நாளில் ஒன்றாகச் சேர்த்தார்கள் என்பதுதான் சரி.

சாக்பீஸ் மாதிரி

அவர்களிடம் இருந்தது என்ன? முதல் நிலைக்கு ரெட்ஸ்டோன் என்ற ஏவுகணை. தொட்டிகளைச் சற்று நீளமாக்கிக்கொண்டார்கள். திரவ ஆக்சிஜனும் திரவ எரிபொருளும். அதற்கு மேல் உள்ள மூன்று நிலைகளுக்கும் ஒரே வகை மோட்டார்தான்: சார்ஜன்ட் ஏவுகணையின் மோட்டாரைச் சிறிதாக்கிச் செய்த திட எரிபொருள் மோட்டார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ பதினைந்து சென்டிமீட்டர் குறுக்களவு, ஒரு மீட்டரை ஒட்டிய நீளம். இரண்டாம் நிலையில் 11, மூன்றாம் நிலையில் 3, நான்காம் நிலையில் 1.

இதை வகுப்பில் செய்ய ஒரு பெட்டி சாக்பீஸ் போதும். பதினொரு வெள்ளை சாக்பீஸை மேசை மேல் வட்டமாக நிறுத்தி ஒரு ரப்பர் பேண்ட் போட வேண்டும். நடுவில் இடைவெளி இருக்கும். அதில் மூன்று மஞ்சள் சாக்பீஸ்களை இறக்கினால் சற்றுத் தளர்வாகப் பொருந்தும். தாளைச் சுருட்டி இடையில் செருகிக்கொள்ளலாம். அந்த மூன்றின் தலையில் ஒரு சிவப்பு சாக்பீஸ். இவ்வளவுதான் ஜூனோ-1-இன் மேல் மூன்று நிலைகள். இந்தக் கட்டு முழுவதும் ஒரு தொட்டிக்குள் இருந்தது. அந்தத் தொட்டிதான் பின்னால் நமக்கு முக்கியம்.

பதினைந்தும் ஒரே மாதிரி என்பதால் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி வரும். வரவில்லை என்றால் நாம் எழுப்ப வேண்டும்: பதினைந்தையும் ஒரே நேரத்தில் பற்றவைத்தால் என்ன? நான் குடத்தை வைத்துச் சொல்கிறேன். மலை மேல் இருக்கும் ஒரு வீட்டுக்கு நான்கு குடம் தண்ணீர் தூக்கிப் போகிறோம். வழியில் தாகத்துக்கு அந்தத் தண்ணீரையே குடிக்க வேண்டும். ஒரு குடம் காலியானதும் அதையும் ஏன் சுமக்க வேண்டும்? கீழே போட்டுவிட்டு நடந்தால் கால் இலேசாகும். பதினொன்று எரிந்து முடிந்ததும் அந்தக் கூடுகள் விலக, மூன்று எரியும். மூன்றின் கூடுகள் விலக, ஒன்று எரியும். ஒவ்வொரு நிலையும் எரிவது ஆறரை வினாடிதான். சாக்பீஸை ஒவ்வொரு கட்டாக எடுத்துப் போட்டுக் காட்டும்போது, கடைசியில் கையில் நிற்கும் அந்த ஒற்றைச் சிவப்பு சாக்பீஸைப் பார்த்து "இதுக்காகவா இவ்வளவும்?" என்று ஒருவராவது கேட்பார்.

இந்த இடத்தில் எடையைக் கணக்கிடச் சொல்லலாம். ராக்கெட்டின் உயரம் 21 மீட்டர், புறப்படும்போது எடை ஏறத்தாழ 29 டன். சுற்றுப்பாதையில் நின்றது 13.97 கிலோ. நம் வீட்டுச் சமையல் எரிவாயு உருளையில் நிரப்பும் வாயுவின் எடை 14.2 கிலோ, அதைவிடச் சற்றுக் குறைவு. அதிலும் கருவிப் பகுதி 8.3 கிலோதான், மீதி, பிரியாமல் கூடவே ஒட்டிக்கொண்டிருந்த காலி நான்காம் நிலை. ஒரு கிலோவை மேலே நிறுத்த ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோ. ஒப்பிட்டுப் பார்க்க நம் எஸ்.எல்.வி.-3-ஐக் கொடுப்பேன். அதுவும் நான்கு நிலை, 17 டன். 1980 ஜூலை 18 அன்று 35 கிலோ ரோகிணியை ஏவியது. வகுத்துப் பார்த்தால் ஒரு கிலோவுக்கு ஐந்நூறுக்குச் சற்றுக் குறைவு. இருபத்திரண்டு ஆண்டு இடைவெளி என்பதைச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பிள்ளைகள் கைதட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள்.

ஸ்டியரிங் எங்கே?

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். ஜூனோ-1-இல் அதற்கு நிலைக்கு நிலை வேறு பதில்.

முதல் நிலைக்கு உண்மையாகவே ஸ்டியரிங் இருந்தது. வால் சிறகுகளில் திருப்பிகள் உண்டு. அதோடு, எஞ்சினிலிருந்து தீ வெளியேறும் வாயிலில் கிராஃபைட்டில் செய்த தகடுகள் இருந்தன. படகின் சுக்கான் தண்ணீரைத் திருப்புவது போல அந்தத் தகடுகள் நெருப்பைத் திருப்பும். நெருப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் ராக்கெட் மறுபக்கம் சாயும். மூன்றாம் விதிதான். பென்சில் முனையில் இருப்பதும் கிராஃபைட்தான் என்று சொன்னால் பிள்ளைகள் பென்சிலை எடுத்துப் பார்ப்பார்கள்.

ஏறத்தாழ இரண்டரை நிமிடத்தில் முதல் நிலை எரிந்து முடிந்தது. அது கழன்றபின், மேல் பகுதி எறிந்த கல் போல மேலே போய்க்கொண்டிருந்தது. உச்சியை அடைவதற்குள் அது தரைக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த உந்துதல் பக்கவாட்டில் கிடைக்கும். அந்தத் திருப்பத்தை அழுத்திய காற்றைப் பீய்ச்சிச் செய்தார்கள். சரியாக உச்சியில் இரண்டாம் நிலையைப் பற்றவைக்க வேண்டும். அந்த நொடியைக் கணித்துத் தரையிலிருந்து பொத்தானை அழுத்தியவர் எர்ன்ஸ்ட் ஸ்டுலிங்கர் என்ற அறிவியலாளர். ஏவிய பிறகு 404-ஆம் வினாடியை ஒட்டி அவர் விரல் அந்தப் பொத்தானில் பதிந்தது. கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்று நான் சொன்ன இடத்தில், ஒரு மனிதர் விரலை வைத்துக் காத்திருந்தார்.

அதன்பின் மேல் மூன்று நிலைகளுக்கும் ஸ்டியரிங் என்று எதுவும் கிடையாது. தகடு இல்லை, திருப்பி இல்லை, வழிகாட்டும் கருவி இல்லை. இருந்தது சுழற்சி மட்டும். அந்தத் தொட்டியை மின்மோட்டாரால் சுழற்றினார்கள். ராக்கெட் தரையில் நிற்கும்போதே அதன் தலை சுற்றிக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு 550 சுற்றில் தொடங்கி, பறக்கும்போது 750 வரை கூட்டினார்கள்.

ஏன் சுழற்ற வேண்டும் என்பதற்கு நம் ஊரில் பம்பரம் இருக்கிறது. சுற்றும் பம்பரம் நிற்கும், சுற்றாத பம்பரம் சாயும். பம்பரத்தை விடவும் வலுவாக உணரவைக்க, சைக்கிள் கடையிலிருந்து ஒரு பழைய முன்சக்கரத்தை வாங்கி வரச் சொன்னேன். அச்சின் இரு முனையையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு, மற்றொருவர் சக்கரத்தைச் சுழற்றிவிட, பிடித்திருப்பவர் அதைச் சாய்க்க முயல வேண்டும். சக்கரம் கையோடு மல்லுக்கட்டும். வகுப்பில் மிகப் பலசாலி என்று பெயர் எடுத்தவனை முதலில் அழைப்பது என் வழக்கம்.

இன்னொரு காரணமும் உண்டு. பதினொரு மோட்டாரும் இம்மியும் பிசகாமல் ஒரே அளவு தள்ளும் என்று சொல்ல முடியாது. ஒன்று கொஞ்சம் கூடத் தள்ளினால் கட்டு முழுவதும் ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். சுழன்றுகொண்டிருந்தால், அந்தக் கூடுதல் தள்ளல் இந்த நொடி இடப்பக்கம், அடுத்த நொடி வலப்பக்கம் என்று மாறி மாறி விழுந்து தன்னைத்தானே ஈடுகட்டிக்கொள்ளும். நிமிடத்துக்கு 750 என்றால் வினாடிக்கு பன்னிரண்டரை; ஆறரை வினாடியில் எத்தனை சுற்று? எண்பத்தொன்றுக்கு மேல். இந்தக் கணக்கை ஆறாம் வகுப்புப் பிள்ளையும் போடும்.

"சுத்துறத யாரு நிறுத்துவாங்க?"

கண்காட்சி முடிந்த சில மாதங்களுக்குப் பிறகு அந்த மாணவி ஒரு சான்றிதழ் வாங்கப் பள்ளிக்கு வந்தாள். அலுவலக அறை வாசலில் காத்திருந்தவளை அழைத்து, "நீ கேட்டியே ஸ்டியரிங், அதுக்கு இப்பதான் எனக்கு விடை தெரிஞ்சுது" என்று சொல்லி, சாக்பீஸ் மாதிரியை எடுத்து வந்து காட்டினேன். கேள்வி கேட்டதையே அவள் மறந்திருப்பாள் என்று நினைத்தேன். மறக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி டீச்சர், மேல போனதுக்கு அப்புறம் சுத்துறத யாரு நிறுத்துவாங்க?" என்றாள்.

மறுபடியும் எனக்குத் தெரியவில்லை. இந்த முறை தெரியாது என்று சொல்லி, அவள் அப்பாவின் கைபேசி எண்ணை வாங்கி வைத்துக்கொண்டேன்.

யாரும் நிறுத்தவில்லை என்பதுதான் பதில். ஆனால் அந்தச் சுழற்சி தானாகவே மாறிவிட்டது. எக்ஸ்புளோரர்-1 இரண்டு மீட்டர் நீளமும் பதினாறு சென்டிமீட்டர் குறுக்களவும் உள்ள ஒரு குழல். பென்சிலை இரு உள்ளங்கைக்கு நடுவே உருட்டுவது போல, நீளவாக்கு அச்சில் அது சுழல வேண்டும் என்றுதான் திட்டம். சில மணி நேரத்துக்குள் அது காற்றாடி இறக்கை போல, தலையும் வாலும் மாறி மாறி வரும்படி சுழலத் தொடங்கிவிட்டது. அதைச் செய்தவர்களே எதிர்பார்க்கவில்லை.

காரணம், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த மெல்லிய கம்பி ஆண்டெனாக்கள். சுழலும்போது அவை வளைந்து நெளிந்தன. கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் சூடாகும் அல்லவா? அப்படிச் சுழற்சி ஆற்றலில் கொஞ்சம் கொஞ்சமாக வெப்பமாகிப் போனது. ஆற்றல் குறையலாம், ஆனால் வெளியிலிருந்து யாரும் திருப்பாதவரை கோண உந்தம் குறைய முடியாது. அதே கோண உந்தத்தோடு மிகக் குறைந்த ஆற்றலில் ஒரு தடி சுழல வேண்டுமென்றால், நிறை அச்சிலிருந்து தள்ளித் தள்ளி இருக்கும்படி, அதாவது குறுக்குவாக்கில் மெதுவாகச் சுழல வேண்டும். சீரான தடி என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு 750 சுற்று, ஏறத்தாழ ஏழு சுற்றாகக் குறைகிறது. தலைமையாசிரியர் அறையில் ஒரு சுழல் நாற்காலி இருக்கிறது. அனுமதி கேட்டு எடுத்து வந்து, ஒரு பிள்ளையை உட்காரவைத்து இரு கையிலும் தலா ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துச் சுழற்றி, கையை விரி, மடக்கு என்றால் வேகம் குறைவதும் கூடுவதும் தெரியும். சக்கரம் வைத்த நாற்காலி என்றால் பக்கத்தில் இருவர் நிற்க வேண்டும். எங்களிடம் ஒருமுறை கவிழ்ந்தது. நல்லவேளை அடி ஒன்றும் இல்லை.

இதை அவளுக்குக் கைபேசியில் சொன்னேன். "ஓ" என்றாள். அடுத்த கேள்வி கேட்கவில்லை. வீட்டில் யாரோ கூப்பிட்டார்கள்.

எட்டு நிமிடமும் ஒரு பூஜ்யமும்

ஏவிய இரவில், செயற்கைக்கோள் ஒரு சுற்று முடித்துக் கலிஃபோர்னியாவுக்கு மேலே வரும்போதுதான் வெற்றியா தோல்வியா என்று தெரியும். ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியின் கணக்கீட்டுப் பிரிவுப் பெண்கள் காகிதமும் பென்சிலும் கணக்கிடும் பொறியும் வைத்துக்கொண்டு பாதையைக் கணக்கிட்டார்கள். வரவேண்டிய நேரம் வந்தது, சமிக்ஞை வரவில்லை. எட்டு நிமிடம் கழித்தே வந்தது. ராக்கெட் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கூடுதல் வேகம் கொடுத்துவிட்டதால் பாதை பெரிதாகிவிட்டது. பெரிய பாதைக்கு அதிக நேரம்.

கெப்ளரின் மூன்றாம் விதி படித்த வகுப்பு என்றால் இதை நிலவை வைத்தே கணக்கிடலாம். நிலவின் தொலைவு 384,400 கிலோமீட்டர், சுற்றுக்காலம் 27.3 நாள். எக்ஸ்புளோரர்-1-இன் சராசரித் தொலைவு பூமியின் மையத்திலிருந்து 7,825 கிலோமீட்டர். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 49.1. அதை முப்படியாக்கி வர்க்கமூலம் எடுத்தால் 344. 27.3 நாளை நிமிடமாக்கி 344-ஆல் வகுத்தால் 114 நிமிடம். உண்மையான அளவு 114.8. நிலவும் 14 கிலோ குழலும் ஒரே விதிக்குக் கட்டுப்படுவதை ஒரு பிள்ளை தன் கைக்கணக்கில் பார்ப்பது, நான் அரை மணி நேரம் பேசுவதைவிட நன்று.

பூஜ்யம் பற்றியது அயோவா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் வான் ஆலன் குழுவின் கதிர்வீச்சு எண்ணும் கருவி. கைகர் எண்ணி என்போம். அவர் முன்யோசனைக்காரர், கருவியை வான்கார்டுக்கும் ராணுவ ராக்கெட்டுக்கும் பொருந்தும்படி செய்துவைத்திருந்தார். தாழ்வான உயரங்களில் வினாடிக்கு முப்பது போல எண்ணிய கருவி, மிக உயரத்தில் பூஜ்யம் காட்டியது. கெட்டுவிட்டதா? மார்ச் 26 அன்று இன்னொரு ஜூனோ-1 ஏவிய எக்ஸ்புளோரர்-3-இல் நாடாப் பதிவுக் கருவி இருந்ததால் முழுச் சுற்றின் அளவுகளும் கிடைத்தன. எண்ணிக்கை ஏறுகிறது, உச்சத்தைத் தொடுகிறது, சட்டென்று பூஜ்யமாகிறது. ஆய்வகத்தில் அதே வகைக் கருவியை வலுவான எக்ஸ்-கதிர் முன் வைத்துப் பார்த்தபோது அங்கும் பூஜ்யம்தான். துகள்கள் அளவுக்கு மீறி வந்து மோதியதால் கருவியால் எண்ணவே முடியவில்லை. 1958 மே 1 அன்று அறிவித்தார்கள். அந்தக் கதிர்வீச்சு வளையங்களுக்கு வான் ஆலன் பட்டைகள் என்று பெயர். செய்முறைத் தேர்வில் அளவீடு 'தவறாக' வந்தால் பக்கத்து மேசையைப் பார்த்து மாற்றி எழுதும் பிள்ளைகளுக்கு இதை நான் ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன்.

சொல்லத் தயங்கும் பகுதி

ரெட்ஸ்டோனை உருவாக்கிய குழுவின் தலைவர் வெர்னர் வான் பிரவுன். எக்ஸ்புளோரர்-1-இன் மாதிரியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கும் அந்தப் புகழ்பெற்ற படத்தில் இருக்கும் மூவரில் ஒருவர். மற்ற இருவர் வான் ஆலனும், ஆய்வகத் தலைவர் வில்லியம் பிக்கரிங்கும். வான் பிரவுன் அதற்கு முன் நாஜி ஜெர்மனிக்கு வி-2 ஏவுகணையைச் செய்துகொடுத்தவர், எஸ்.எஸ். படையில் உறுப்பினர். அந்த ஏவுகணைகள் மிட்டல்பாவ்-டோரா வதைமுகாம் கைதிகளின் கட்டாய உழைப்பில் செய்யப்பட்டவை. ஆயிரக்கணக்கானோர் அங்கே இறந்தார்கள். ரெட்ஸ்டோன் வி-2-இன் நேர் வாரிசு. கீழ் வகுப்புகளில் நான் இதை எடுப்பதில்லை. பத்தாம் வகுப்பில் சொல்கிறேன். சமூக அறிவியலில் இரண்டாம் உலகப் போர் படிக்கும் அதே பிள்ளைகளிடம் அறிவியல் பாடவேளையில் மட்டும் அதை மறைப்பது சரியாகப் படவில்லை. "அப்புறம் ஏன் டீச்சர் அவர வேலைக்கு வச்சாங்க?" என்று ஒரு மாணவன் கேட்டான். ராக்கெட் செய்யத் தெரிந்தவர் வேண்டியிருந்தது, அதற்காகப் பழையதைக் கேட்காமல் விட்டார்கள் என்றேன். அவன் திருப்தியாகவில்லை. எனக்கும் அதில் திருப்தியில்லை.

அதே ராக்கெட்டில் இன்னொரு பெயரும் இருக்கிறது. ரெட்ஸ்டோன் முதலில் ஆல்கஹாலை எரித்தது. மேல் நிலைகளின் சுமையோடு தூக்க அந்த விசை போதவில்லை. புது எஞ்சின் செய்ய நேரமும் இல்லை. எஞ்சினை மாற்றாமல் எரிபொருளை மட்டும் மாற்றி விசையைக் கூட்டும் வேலை, எஞ்சின் செய்த நிறுவனத்தில் மேரி ஷெர்மன் மார்கன் என்பவரிடம் வந்தது. வட டகோட்டாவின் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், கல்லூரிப் படிப்பை முடிக்காமல் போர்க்கால வெடிமருந்து ஆலையில் வேலைக்குப் போனவர். இரண்டு வேதிப்பொருள்களை அறுபதுக்கு நாற்பது விகிதத்தில் கலந்து அவர் உருவாக்கிய ஹைடைன், உந்துவிசையைப் பத்தில் ஒரு பங்கு போலக் கூட்டியது. 2004-இல் அவர் இறந்த பிறகுதான், மகனின் முயற்சியால், அவர் பெயர் பரவலாக வெளியே தெரிந்தது. கண்காட்சியில் எங்கள் மாதிரிக்குக் கீழே பிள்ளைகள் எழுதிய பெயர்களில் அவர் பெயரைத்தான் முதலில் எழுதச் சொன்னேன்.

வகுப்புக்குச் சில குறிப்புகள்

ராக்கெட்டின் பக்கவாட்டில் யூ, இ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் பெரிதாக எழுதியிருக்கும். அது வரிசை எண்ணின் மறைகுறி. ஹன்ட்ஸ்வில் என்ற ஊரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, இரண்டாவது எல்லை விட்டுவிட்டு, எழுத்துகளுக்கு 1 முதல் 9 வரை எண் கொடுத்தால் யூ 2, இ 9. ஆக 29-ஆம் எண் ராக்கெட். கணக்கு வகுப்பில் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பெயரில் இப்படி மறைகுறி செய்துகொண்டு, இரண்டு வாரம் என்னால் படிக்க முடியாத சீட்டுகளைப் பரிமாறிக்கொண்டார்கள்.

சாக்பீஸ் மாதிரியை இரண்டாம் பாடவேளையில் வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே கொடுத்தால் உயரம், வேகம் பற்றிய பேச்சு காதில் ஏறாது.

மூன்றாம் பாடவேளையின் கடைசியில் தோல்விகளைக் கொடுப்பேன். 1958-இல் ஜூனோ-1 ஆறு முறை பறந்தது. மூன்று முறை வென்றது. எக்ஸ்புளோரர்-2-இல் நான்காம் நிலை பற்றவில்லை. அக்டோபரில் கடைசியாகப் பறந்தபோது முதல் நிலை எரிந்து முடியுமுன்பே மேல் பகுதி கழன்றது. ஆகஸ்டில் எக்ஸ்புளோரர்-5-இன்போது, கழன்ற முதல் நிலை பின்னாலிருந்து வந்து மேல் பகுதியை இடித்துவிட்டது. "எரிபொருள் தீர்ந்த வண்டி, முன்னால் போகும் வண்டியை எப்படி இடிக்கும்? நியூட்டனின் விதிகளைக் கொண்டு விளக்குக" என்பது வீட்டுப்பாடம். சென்ற ஆண்டு பெரும்பாலோர் எழுதியது, மேலே உராய்வு இல்லாததால் முதல் நிலை வேகம் குறையாமல் அப்படியே தொடர்ந்து வந்தது என்று. பாதி சரி, மேல் பகுதியும் அப்படித்தானே போகும், பிறகு எப்படி எட்டிப் பிடிக்கும் என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். ஒரே ஒருவன், "தீர்ந்துபோச்சுன்னு நினைச்சாலும் டேங்க்ல கொஞ்சம் மிச்சம் இருக்கும் டீச்சர், எங்க வண்டியிலயும் அப்படித்தான்" என்று எழுதியிருந்தான். தாளில் பேச்சுவழக்கில் எழுதக் கூடாது என்று ஒரு வரி எழுதிவிட்டு, முழு மதிப்பெண் கொடுத்தேன்.